நோலீன் மிஸ்ஸும் கத்திச் சங்கமும்

எங்கள் சங்கத்தில் மொத்தம் முப்பத்தோரு பேர். கத்தி வைத்திருப்பவர்களின் உரிமைக்குக் குரல் கொடுப்பதே நோக்கம் என்று பதிவுப் பத்திரத்தில் இருக்கிறது. அதை எழுதியவன் நான். எங்கள் ஊர் வெம்பாராவில் பிறருக்குப் புரியும்படி ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவன் மாட்டினால் அவனைச் செயலாளர் ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். நான்கு வருடமாக மாதம் ஒருமுறை பௌலிங் கிளப்பின் பின்னறையில் உட்கார்ந்து, குளிர்ந்த பியரும் சூடான பேச்சுமாகக் கழித்திருக்கிறோம். யாருக்கு என்ன நல்லது செய்தோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கெடுதல் ஒன்று நினைவுக்கு வருகிறது. அது நோலீன் பிராட்டனுக்குச் செய்தது. அதில் என் பங்கு பெரிது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நோலீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கறித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இடம். பதினான்கு வருடமாக என் இடது முழங்கைக்கு அந்தப் பக்கம் அவள்தான் நின்றாள். மாட்டின் முன்சப்பை சங்கிலியில் தொங்கி வரும். நான் எலும்பை எடுப்பேன், அவள் கொழுப்பையும் ஜவ்வையும் சீவுவாள். பதினேழு வயதில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலைக்கு வந்தவள். அப்போதெல்லாம் பெண்கள் கையில் கத்தி கொடுக்க மாட்டார்கள். ஆறு வருடம் கேட்டுக் கேட்டு மேற்பார்வையாளரின் உயிரை வாங்கினாளாம். ஒருநாள் ஆள் வராமல் போகவே, "சரி, நின்னுதான் பாரேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அன்று நின்றவள் அப்புறம் நகரவில்லை. கணவன் சுரங்க வேலைக்கென்று வடக்கே போய் அங்கேயே வேறு குடும்பம் ஆக்கிக்கொண்டான். அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினாள். "போனவன் போகட்டும். ஃப்ரிட்ஜையும் தூக்கிட்டுப் போனான் பாரு, அதான் ஆத்திரம்" என்றாள்.

எங்கள் தொழிலில் அடுத்தவர் கத்தியைத் தொடக்கூடாது. இது யாரும் எழுதிவைத்த விதி இல்லை; ஒருவருடைய பல் துலக்கும் பிரஷை இன்னொருவர் எடுப்பாரா? அப்படித்தான். கம்பெனி ஒரு தாங்கி வைத்திருக்கிறது, எல்லோரும் கத்தியை அதில் மாட்டிவிட்டுப் போகலாம் என்று. மாட்டிவிட்டுப் போனால் அடுத்த ஷிப்டில் எவனாவது எடுத்து எலும்பில் தேய்த்து ரம்பமாக்கி வைத்திருப்பான். அதனால் நோலீன் வெள்ளிக்கிழமைதோறும் தன் மூன்று கத்திகளையும் வீட்டுக்கு எடுத்துப்போய், சனி ஞாயிறில் கல்லில் தீட்டிக்கொண்டு வருவாள். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கறி தானாகவே பிரிந்து விழுகிறதோ என்று தோன்றும்.

அது பிழைப்பு. அவள் உயிர் இருந்தது வேறு இடத்தில்.

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அங்கே எவன் பள்ளிக்கூடம் கட்டினான் என்று கேட்காதீர்கள், குயின்ஸ்லாந்தின் இந்த மூலையில் எல்லாமே அப்படித்தான். மூன்று பெட்டி கோத்த மாட்டு லாரிகள் அந்த வழியாகத்தான் எங்கள் தொழிற்சாலைக்கு வரும். பள்ளி வாசலில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கடக்குமிடம் உண்டு. மாலை மூன்று மணிக்கு நோலீன் அங்கே மஞ்சள் மேல்சட்டையும் அகலத் தொப்பியுமாக, மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு நிற்பாள். கையில் நீளக் கம்பு. அதன் தலையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. பலகை குச்சிமிட்டாய் மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு அவள் குச்சிமிட்டாய் மிஸ். பத்தொன்பது வருடம் நின்றாள். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

எந்தப் பிள்ளை கையை உதறிவிட்டு ஓடும், எது பகல் கனவில் நடக்கும், எதன் அம்மா அன்று வரமாட்டாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பெரியவர்களிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. மஞ்சள் கோட்டில் கார் நிறுத்தும் தாய்மார்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வாரமில்லை. "ஏம்மா, உன் பொண்ணு மட்டும்தான் வீட்டுக்குப் போகணுமா? மத்ததெல்லாம் ரோட்டுல கிடக்கணுமா? எடு வண்டியை." தொழிற்சாலையில் யாராவது ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசினால், "கம்பெனியை நாளைக்கே விடுவேன், கிராஸிங்கை விடமாட்டேன்" என்பாள். அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சங்கிலி இரண்டு முறை அறுந்து நின்றது. ஒன்றரைக்கு முடிய வேண்டிய ஷிப்ட் முடியும்போது இரண்டே கால். வழக்கமாக நோலீன் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க் குளித்து, கத்திகளை வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். அன்று அதற்கு நேரமில்லை.

"கத்தியை என்கிட்ட குடு நோலீன். கார்ல எடுத்துட்டுப் போய் சாயங்காலம் உன் வீட்டுல குடுத்துடுறேன்" என்றேன்.

"உன்கிட்டயா? உன் கத்தி லட்சணத்தைப் பதினாலு வருஷமா பக்கத்துல நின்னு பாக்குறேனே" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள்.

கறித் தொழிற்சாலைக்காரர்களைத் தவிர இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு தச்சன் உளியை நண்பனிடம் கொடுத்திருப்பான். நாங்கள் கொடுக்க மாட்டோம்.

பையைப் பள்ளி வேலிக்கம்பியில் மாட்டிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பையின் ஜிப் எப்போதோ போய்விட்டது. ஒரு கத்தியின் மஞ்சள் பிடி வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. நகரத்திலிருந்து இரண்டு வாரம் முன்பு குடிவந்த ஒரு தாய் அதைப் பார்த்துப் போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலியில் கத்தி தொங்கினால் நானும் போன் செய்திருப்பேன்.

வந்தவன் கான்ஸ்டபிள் டீகன். இருபத்து மூன்று வயது. அவனும் அதே வெள்ளைப் பட்டையில் நோலீன் கைகாட்டக் காத்திருந்து வளர்ந்தவன்தான். அங்கே நடந்ததை நோலீன் பிறகு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள்.

"மிஸ், பையில என்ன இருக்கு?"

"மூணு கத்தி. தீட்டுற கம்பி ஒண்ணு. பாதி தின்ன மீட் பை இருக்கு, பசிச்சா எடுத்துக்கோ."

"கத்தி எதுக்கு மிஸ்?"

"கறிக்கம்பெனியில வேற எதால வெட்டுவாங்க, ஸ்பூனாலயா? வேலை முடிஞ்சு வர்றேன்."

"வேலைக்குப் போறப்ப கையில இருக்கலாம், வீட்டுக்குப் போறப்ப இருக்கலாம். அது நியாயமான காரணம். ஆனா நீங்க இங்க நின்னுட்டீங்களே."

"இதுவும் வேலைதானேடா."

"வேலைதான். இந்த வேலைக்குக் கத்தி வேணாமே மிஸ்."

வீட்டுக்குப் போகிற வழியில் மனுஷன் பால் வாங்குவான், மருந்து வாங்குவான், பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைப்பான். சட்டப்படி, போகிறவன் நேராகப் போக வேண்டும், எங்கும் நிற்கக் கூடாது. "உன் ஷூ லேஸை இதே இடத்துல குனிஞ்சு எத்தனை தடவை கட்டிவிட்டிருக்கேன்" என்று நோலீன் கேட்டதற்கு அவன் காது சிவந்ததாம். பள்ளி என்பதால் வழக்கு எழுதாமல் விட முடியாது என்றான். கடைசிப் பிள்ளை கடக்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னாள். பொறுத்திருந்தான். பிறகு உறையிலிருந்து கத்திகளை உருவிக் காகிதப் பையில் ஒன்றாகப் போட்டான். "உறையோட வைடா, முனை போயிடும்" என்று அவள் கத்தியிருக்கிறாள். அவன் கேட்கவில்லை. விதிமுறை அப்படியாம்.

திங்கட்கிழமை கம்பெனித் தாங்கியிலிருந்து எடுத்த கத்தியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வழக்கு முடியற வரைக்கும் கிராஸிங்குக்கு வரக்கூடாதுன்னு போக்குவரத்துத் துறை மேலிடத்துலேருந்து சொல்லிட்டாங்க" என்றாள். "ஆனா தலைமையாசிரியை ஆல்ட்ரிட்ஜ் அம்மா போலீஸ் சார்ஜென்ட்கிட்ட பேசிட்டாங்க. எச்சரிக்கை குடுத்து முடிச்சுடுறேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு வாரம் ஸ்கூல் லீவு வருது. லீவு முடிஞ்சதும் நான் திரும்பிப் போயிடுவேன்."

"இது அநியாயம் நோலீன். இதைச் சும்மா விடக்கூடாது."

"சும்மா விடணும். ரெக்ஸ், நான் சொல்றதைக் கேளு. சத்தம் போட்டா மேல இருக்கறவங்க பயந்துக்குவாங்க. பயந்தவங்க என்னைத் திரும்ப எடுக்க மாட்டாங்க. எனக்கு நியாயம் வேணாம், என் பலகை வேணும். புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன். அந்தத் தலையை இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். எங்கள் தலைவர் மெர்வ் டுகுட். கார் விற்று ஓய்வு பெற்றவர். வீட்டில் கண்ணாடி அலமாரிகளில் இருநூற்றுப் பதினான்கு கத்திகள் வைத்திருக்கிறார். அதில் ஒன்றுகூட இதுவரை ஒரு வெங்காயத்தை வெட்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் படக்கென்று திறக்கிற கத்தியும் இருபக்கமும் கூரான குத்துவாளும் தடையில்லாமல் வாங்க வேண்டும், அதுதான் மனித உரிமை என்று மாதாமாதம் மேசையைத் தட்டுவார். நான்கு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் நான் எழுந்து வேறொன்றைச் சொல்வேன். மீன் பிடிக்கப் போகிறவன் தூண்டில் பெட்டியில் கத்தி இருக்கிறது. மாந்தோப்புக்காரன் சட்டைப்பையில் ஒட்டுப்போடும் கத்தி இருக்கிறது. சமையல்காரி தன் கத்திகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். இவர்கள் வழியில் எங்கே நின்றாலும் பயப்படாமல் நிற்க வேண்டும். சட்டத்தில் அதற்குத் தெளிவாக ஒரே ஒரு வரி வேண்டும். பறித்த கத்திக்கு ரசீது வேண்டும், திருப்பித் தரும்போது அது கத்தியாகவே இருக்க வேண்டும். இதற்காகக் கேட்போம் என்பேன். "கேக்கலாம் கேக்கலாம், அடுத்த பாயிண்ட்டுக்கு வா ரெக்ஸ்" என்பார் மெர்வ்.

அந்தப் புதன்கிழமை கூட்டத்தில் என்னால் அடக்க முடியவில்லை. நோலீன் கதையைச் சொல்லிவிட்டேன். நான்கு வருடத்தில் முதன்முறையாக அறை முழுக்க அமைதியாகக் கேட்டது. மெர்வ் பியரைக் கீழே வைத்தார்.

"குச்சிமிட்டாய் மிஸ்ஸா? நம்ம நோலீனா? ரெக்ஸ், இதுக்குத்தான்யா இத்தனை நாளா காத்திருந்தேன். நீ சொன்னதுதான் சரி. உழைக்கிறவங்க கத்தி. எழுதிக் குடு. இந்த மாசத்துப் பிரச்சாரமே இதான். ஃபோட்டோ இருக்கா?"

இருந்தது. கம்பெனியின் கிறிஸ்துமஸ் விருந்தில் நான் எடுத்தது. முழு ஆட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள் எதற்கோ சிரித்தபடி கத்தியை உயரத் தூக்கியிருப்பாள். ஏப்ரன் முழுக்க ரத்தம். அவளுடைய சிரித்த முகம் இருக்கிற ஒரே படம் அதுதான், எனக்குப் பிடித்த படம். கொடுத்துவிட்டேன்.

அவளிடம் ஏன் கேட்கவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். நேரமில்லை, அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். உண்மை அதுவல்ல. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. நான்கு வருடம் யாரும் காது கொடுக்காத ஒருவனுக்குத் திடீரென்று முப்பது பேர் தலையாட்டினால் புத்தி எங்கே இருக்கும்?

இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டு எழுதினேன். மெர்வ் அதை இரண்டு வரியாக வெட்டினார். மேலே நோலீனின் படத்தை ஒரு முழம் உயரத்துக்குப் பெரிதாக்கி, இன்னொரு கையில் 'நில்' பலகையைக் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்து, "இவர் கையில் கத்தி இருந்தால் உங்களுக்கு என்ன?" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார். கீழே எங்கள் கோரிக்கை என்று மூன்று. முதலாவது, படக்கென்று திறக்கிற கத்தி. இரண்டாவது, இருபக்கக் கூர்வாள். மூன்றாவது, சேகரிப்பாளர்களுக்கு உரிமம் வேண்டாம். நான் கேட்ட ஒரு வரி எங்கேயும் இல்லை. சனிக்கிழமை காலை நான் காபியோடு உட்கார்ந்து இணையத்தில் பார்க்கும்போது அதை நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

"மெர்வ், இது என்ன அக்கிரமம்? எடுங்க இதை" என்று போனில் கத்தினேன்.

"எடுக்கறதா? நாலாயிரம்யா. போன மாசம் நம்ம கடிதத்தை எத்தனை பேர் படிச்சான், ஏழு பேர். அதுல ஒருத்தன் உங்கப்பன்."

திங்கட்கிழமை நகரத்து வானொலியில் ஒருவன் ஆயுதம் தரித்த குச்சிமிட்டாய் மிஸ் என்று அரை மணி நேரம் கேலி செய்தான். மறுநாள் இன்னொருவன் அவளை வீராங்கனை என்றான். இரண்டும் ஒரே அளவு விஷம்தான். புதன்கிழமை மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பொதுமக்களின் நம்பிக்கையைக் கருதி அவரை அந்தப் பொறுப்பில் மீண்டும் அமர்த்த இயலாது. சார்ஜென்டும் கையை விரித்துவிட்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எச்சரிக்கையோடு எப்படி முடிப்பது, நீதிமன்றம்தான் என்றார்.

வியாழக்கிழமை சங்கிலிக்கு முன்னால் அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஃபோட்டோ நீ எடுத்ததுதானே?"

"ஆமா."

"என்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் மேற்பார்வையாளரிடம் சொல்லி அந்தக் கோடி வரிசைக்கு மாறிப் போய்விட்டாள். என் இடது கைப்பக்கம் இப்போது ஒரு புது ஆள் நிற்கிறான், நாள் முழுக்க விசில் அடிக்கிறான்.

மாதம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வருகிற நீதிபதி அந்த வழக்கை ஒன்பது நிமிடத்தில் தள்ளுபடி செய்தார். காலையிலிருந்து மாடு வெட்டிக் களைத்துப்போன ஒரு பெண், பிள்ளைகள் அடிபடக் கூடாது என்று ஓடி வந்ததில் நியாயமான காரணம் இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது என்று கேட்டார். கத்திகளைத் திருப்பித் தரச் சொன்னார். கத்திகள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வந்தன. ஒன்றின் முனை முறிந்திருந்தது. இன்னொன்றில் யாரோ அட்டைப்பெட்டி பிரித்த பசை ஒட்டியிருந்தது. நோலீன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆல்ட்ரிட்ஜ் அம்மாவிடம் போய், "இப்ப வரலாமா?" என்று கேட்டாள். அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினார். நீதிமன்றம் என்ன சொன்னாலும் மேலிடத்து முடிவு மாறாதாம்.

நீதிமன்றத்தின் வெளிப்படியில் மெர்வ் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கூட்டத்தில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நம்ம சங்கத்தோட முதல் வெற்றி. மூணு கத்தியையும் மீட்டுட்டோம்." கை தட்டினார்கள். நான் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இனி யாருக்காகப் போராடினாலும் முதலில் அவரிடம் போய், போராடவா வேண்டாமா என்று கேட்க வேண்டும்; வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

"ரெக்ஸ், இது சங்கமா, சர்ச்சுல பாவமன்னிப்புக் கேக்குற இடமா?" என்றார் மெர்வ். "ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தா ஒரு போராட்டமும் நடக்காது."

"நடக்காம இருந்திருந்தா அவ இப்ப கிராஸிங்குல நின்னிருப்பா."

"ஒரு மணி நேர வேலை, போனா போகுது. கொள்கை பெரிசு இல்லையா?"

ஓட்டுக்கு விட்டோம். இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று பின்வரிசைக் கிழவருடையது. அவர் பியருக்காகக் கையைத் தூக்கியது பிறகுதான் தெரிந்தது. அன்றே செயலாளர் பதவியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. எறிந்தால் அடுத்த தலைப்பையும் மெர்வே எழுதுவார் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு எத்தனை அழகான பெயர்கள்.

பள்ளி திறந்தது. கிராஸிங் வேலைக்கு விளம்பரம் கொடுத்தார்கள். ஒருவரும் வரவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்று ஊர்த் தாய்மார்களிடம் திட்டு வாங்க யாருக்குப் பிடித்திருக்கிறது? சில நாள் ஆல்ட்ரிட்ஜ் அம்மாவே வந்து நின்றார். அவருக்குக் கூட்டம் இருக்கிற நாளில் பிள்ளைகள் தாங்களாகவே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடின. ஒருநாள் ஒரு லாரி டயர் தேய்ந்து புகை கிளம்பப் பிரேக் போட்டு நின்றது என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். கோடி வரிசையில் நோலீன் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மெர்வ் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். புது நோட்டீஸ், அதே மூன்று கோரிக்கை. மணி மூன்றாகியிருந்தது. பள்ளிக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டு லாரி உறுமிக்கொண்டிருந்தது. என்னவென்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

வெள்ளைப் பட்டையில் நோலீன் நடந்துகொண்டிருந்தாள். மஞ்சள் மேல்சட்டை இல்லை, பலகை இல்லை. கம்பெனி பூட்ஸும் பழைய கட்டம்போட்ட சட்டையும்தான். பக்கத்தில் ஆறேழு பிள்ளைகள். அந்தக் கரைக்குப் போனாள். பிள்ளைகள் ஏறிப் போனதும் திரும்பினாள். வெறுங்கையோடு இந்தப் பக்கம் நடந்து வந்தாள். இங்கே நின்ற பிள்ளைகள் சேர்ந்துகொண்டதும் மறுபடியும் அந்தப் பக்கம் நடந்தாள். சாவதானமாக, மார்க்கெட்டுக்குப் போகிறவள் நடையில் நடந்தாள். பட்டையில் ஒரு ஆள் கால் வைத்தால் வண்டி நின்றுதானே ஆக வேண்டும்.

மரத்தடியில் போலீஸ் கார் நின்றது. டீகன் இறங்கி அவளிடம் வந்தான். லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டதால் திறந்த ஜன்னல் வழியாகப் பேச்சு நன்றாகக் கேட்டது.

"மிஸ், உங்களை இங்க வேலை செய்யக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே."

"வேலை செய்யலையே. ரோட்டைக் கடக்குறேன். அதுக்கும் உன் புஸ்தகத்துல நியாயமான காரணம் வேணுமா?"

"எத்தனை தடவை கடப்பீங்க?"

"எண்ணிக்கோயேன்."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு மரத்தடிக்கே திரும்பிப் போய்விட்டான்.

மெர்வ் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் போனை எடுத்தார். கண்ணில் அதே பளபளப்பு. "ரெக்ஸ், எறங்குய்யா. போய்ப் பக்கத்துலேருந்து எடு. கத்தியைப் பிடுங்கினாங்க, பலகையைப் பிடுங்கினாங்க, காலைப் பிடுங்க முடியலன்னு போடுவோம். இது பத்தாயிரம் போகும்."

போனை வாங்கிக் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினேன். கதவைத் திறந்து இறங்கினேன். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது கேட்டது. லாரியைச் சுற்றிக்கொண்டு நடந்து வெள்ளைப் பட்டைக்கு வந்தபோது நோலீன் இந்தக் கரையில் அடுத்த கூட்டத்துக்காக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் என் கைகளைத்தான் பார்த்தாள்.

"ஃபோன் வெச்சிருக்கியா?"

"இல்ல. நோலீன், நான் வந்து..."

"பேசாதே." எதிர்க்கரைப் பக்கம் முகத்தைக் காட்டினாள். "அந்த வளைவுல மரம் மறைக்குது, எனக்கு வண்டி தெரியல. அங்க போய் நில்லு. லாரி வந்தா கையைத் தூக்கு."

போய் நின்றேன். மூன்று இருபது வரை அவள் என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை காலை எடுத்து வைக்கும் முன்பும் என் கையைப் பார்த்தாள்.